மூன்று விசையில் முழு முகவரி

1879இல் வால்டர் பிலிப்ஸ் என்ற அமெரிக்கத் தந்தியாளர், பத்திரிகைச் செய்திகளை விரைவாக அனுப்புவதற்கென்றே ஒரு சுருக்க முறையை வகுத்தார். அனுப்புகிறவர் ‘ஸ்காட்டஸ்’ என்று ஆங்கிலத்தில் ஆறே எழுத்து தட்டுவார். மறுமுனையில் இருப்பவர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முழுப் பெயரையும் எழுதிக்கொள்வார். அந்த மறுமுனை ஆளின் வேலையை இன்று டெக்ஸ்ட் எக்ஸ்பாண்டர் வகை மென்பொருள்கள் செய்கின்றன.

விண்டோஸுக்கு ஆட்டோஹாட்கீ இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது எஸ்பான்சோ. இரண்டுமே இலவசம். எஸ்பான்சோவின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் ‘==1’ என்ற குறியையும் அடுத்த வரியில் நம் முகவரியையும் எழுதிவைத்தால் போதும். அதன்பிறகு மின்னஞ்சல், எக்செல், பிரவுசர் என எங்கே ‘==1’ தட்டினாலும் பின்கோடு வரை முகவரி வந்து விழும்.

உள்ளே நடப்பது எளிமையானது. நாம் அழுத்தும் விசைகளை மென்பொருள் கவனித்து, கடைசிச் சில எழுத்துகளை நினைவில் வைத்திருக்கிறது. குறி பொருந்தியதும் தானே மூன்று முறை பேக்ஸ்பேஸ் கொடுத்து அதை அழிக்கிறது. பிறகு முகவரியைத் தட்டுகிறது, நீளமாக இருந்தால் பேஸ்ட் செய்கிறது.

இதனால்தான் குறியை யோசித்து வைக்க வேண்டும். வெறும் ‘10’ என்று வைத்தால், 10000 ரூபாய் என்று எழுதப் போகும்போது தொகைக்கு நடுவே முகவரி வந்து உட்கார்ந்துவிடும். இயல்பான எழுத்தில் வரவே வராத குறிதான் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பலர் அரைப்புள்ளியில் தொடங்குவார்கள். தமிழ்99 பழகியவர்களுக்கு அது ஒத்துவராது. அந்த விசையில் ‘ந’ இருக்கிறது, சாய்கோட்டு விசையிலோ ‘ழ’. சமக்குறியும் எண்ணும் நமக்கு வசதி.

எல்லா விசையையும் கவனிக்கும் மென்பொருள் என்பதால் அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும். பாஸ்வேர்டை இதில் வைக்கவே கூடாது. அமைப்புக் கோப்பு சாதாரண உரைக்கோப்பு. திறந்தால் யாரும் படிக்கலாம்.

நேரம் மிச்சமாவதைவிடப் பிழை குறைவதையே நான் பெரிய லாபமாக நினைக்கிறேன். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்தும் எண்ணும் கலந்து வரும், வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11. பில் போடும் ஒருவர் இவற்றை நாள் முழுக்கக் கையால் தட்டினால் பூஜ்யமும் ‘ஓ’வும் எங்காவது இடம் மாறிவிடும். ஜிஎஸ்டி சான்றிதழைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துப் பதிந்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. ஆனால் பதிந்தது பழசாகிவிட்டால் ஒவ்வொரு பில்லிலும் தவறே போகும். சிண்டிகேட் வங்கி கனராவோடு இணைந்தபின், 2021 ஜூலை 1 முதல் அதன் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் செல்லாமல் போயின. அப்படி ஒரு மாற்றம் வந்தால் முதலில் திருத்த வேண்டியது இந்த அமைப்புக் கோப்பைத்தான்.