புளியங்கொட்டைக் கணக்கும் தாராபாய் மோடக்கும்

ராசிபுரம் பக்கத்து அங்கன்வாடி ஒன்றில், மூன்று வயதுக் குழந்தையின் முன் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று பாட்டுப் போல முடித்துவிடும். உடனே, "மொத்தம் எத்தனை கண்ணு?" என்று கேளுங்கள். பல குழந்தைகள் அஞ்சு என்று சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் அத்தனை கொட்டைகளுக்கும் சேர்த்து விடை என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. எண்களை வரிசையாகச் சொல்ல வந்த பிறகு இது விளங்க ஒரு வருடம்கூட ஆகலாம். ஒவ்வொரு கொட்டையையும் விரலால் தொட்டு, நகர்த்தி, ஒன்றுக்கு ஓர் எண் என்று சொல்லிச் சொல்லித்தான் விளங்குகிறது.

மறுபடி எண்ணும் குழந்தையை 'மக்கு' என்று அதட்டாமல், அது எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் தாராபாய் மோடக். 1892இல் பம்பாயில் பிறந்தவர். குஜராத்தின் பாவ்நகரில் கல்வியாளர் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து மாண்டிசோரி முறையை நம் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். 1926இல் இருவரும் நூதன் பால் சிக்ஷண் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

நகரத்தில் பேரும் புகழும் வந்த பிறகு, 1945இல் போர்டி என்ற கடலோர ஊருக்குப் போனார். துணைக்கு ஆசிரியை அனுதாய் வாக். அங்கே வார்லிப் பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. மாடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமே! அதனால் ஆசிரியர்களே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனார்கள். மேய்ச்சல் காட்டிலும் வகுப்பு நடந்தது.

மாண்டிசோரி முறையின் விலை கூடிய மரக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், இலை, விதை, சிப்பி. இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. வேப்பிலையையும் புளிய இலையையும் பிரித்து வைக்கும்போது பிள்ளை வடிவத்தை அறிகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு விதையை எடுக்கும்போது, பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகும் தசைகள் பழகுகின்றன. வீட்டுவாசலில் கிடப்பதை வைத்தே கற்கலாம் என்றால் எந்தக் கிராமத்துக்கும் அந்தக் கல்வி போய்ச் சேரும்.

1957இல் பணி பக்கத்திலிருக்கும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. 1962இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 1973இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. வார்லி முற்றங்களில் நடந்த பள்ளிக்கு இருந்த அங்கன்வாடி என்ற பெயர்தான் நாமக்கல், சேலம் கிராமங்களில் உள்ள அத்திட்டத்தின் மையங்களுக்கும் வந்தது. அனுதாய் கோஸ்பாட்டிலேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார்.