மது நிறுத்த நோய்க்குறி

மது நிறுத்த நோய்க்குறி என்பது, நீண்ட காலம் அன்றாடம் அதிக அளவில் மது அருந்திவந்த ஒருவர் திடீரென அதை நிறுத்தும்போதோ வெகுவாகக் குறைக்கும்போதோ உடலிலும் மனத்திலும் தோன்றும் கோளாறுகளின் தொகுப்பு ஆகும். விலகல் அறிகுறிகள் என்றும் இது குறிப்பிடப்படும். தமிழ்நாட்டில் 'மதுவிலக்கு' என்ற சொல் அரசின் தடைச் சட்டத்துக்கே வழங்கிவிட்டதால் இங்கு அது தவிர்க்கப்படுகிறது. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எனத் தொடங்கும் இந்நிலை பெரும்பாலோருக்குச் சில நாட்களில் தணிந்துவிடும். சிலருக்கு வலிப்பும் சன்னியும் கண்டு உயிரிழப்பு வரை செல்லும். அபின் வகைப் போதைப்பொருள்களை நிறுத்துவது கடும் வேதனை தரும் என்றாலும் அந்த வேதனையால் இறப்பவர் அரிது. கடையில் சட்டப்படி விற்கப்படும் மதுவைத் திடீரென நிறுத்துவதே உயிருக்குக் கூடுதல் ஆபத்தானது.

காலை நடுக்கம்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகள் ரயில்வே சரக்கு முனையம், துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், ஆலைகள் ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்தவை. மூட்டை தூக்குதல், லாரி ஓட்டுதல், மீன்பிடித்தல் போன்ற கடும் உடலுழைப்பில் இருப்பவர் பலர் உடல்வலிக்கென்று இரவில் ஒரு குவார்ட்டரில் தொடங்குவர். ஆண்டுகள் செல்லச் செல்ல, விடிந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலை வரும். டாஸ்மாக் கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுபவை. இடையிலுள்ள 14 மணி நேரத்தில் இவர்கள் அன்றாடம் ஒரு சிறிய விலகலுக்கு உள்ளாகின்றனர். கடை திறக்கும் முன் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பாட்டிலை வாங்குவோரில் பலர் போதைக்காக வாங்குவதில்லை. நடுக்கத்தை அடக்கவே வாங்குகின்றனர். காலையில் குடித்தே ஆகவேண்டும் என்ற நிலை, நிறுத்தும்போது ஆபத்து நேரலாம் என்பதற்கான தெளிவான அடையாளம்.

மூளையில் நடப்பது

மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் செயலைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. அன்றாடம் இந்த அழுத்தம் இருப்பதால் மூளை அதற்கு எதிராகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது: அமைதிப்படுத்தும் ஏற்பிகள் மந்தமாகின்றன, தூண்டும் ஏற்பிகள் பெருகுகின்றன. ஒரே கதவை இருவர் இருபுறமும் நின்று தள்ளிக்கொண்டிருக்கையில் ஒருவர் சட்டென விலகினால் மற்றவர் என்ன ஆவாரோ, அதுவே மது நின்றதும் மூளைக்கு நேர்கிறது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுவதும், உடல் நடுங்குவதும், வலிப்பு வருவதும் இதனால்தான்.

சத்துக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், போதிய உணவும் வைட்டமின்களும் கொடுத்தே சிலருக்குப் பல வாரங்கள் தொடர்ந்து மது அளித்துப் பின் நிறுத்தினர். நடுக்கமும் பிரமையும் வலிப்பும் அப்போதும் தோன்றின. இன்றைய ஆய்வு நெறிகள் இத்தகைய சோதனையை அனுமதிக்கமாட்டா. ஆயினும் நோய்க்குக் காரணம் மதுவை நிறுத்தியதே என்பதை நிறுவியது அதுதான்.

அறிகுறிகளின் போக்கு

கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், குமட்டல், படபடப்பு, வியர்வை தொடங்கும். சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வதுபோலவும் யாரோ பெயர் சொல்லி அழைப்பதுபோலவும் தோன்றும். சுயநினைவு அப்போது தெளிவாகவே இருக்கலாம். வலிப்பு (பேச்சு வழக்கில் ஃபிட்ஸ்) பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் இது வரலாம்.

எல்லாவற்றிலும் கொடியது டெலிரியம் டிரெமன்ஸ் எனப்படும் நடுக்கச் சன்னி. இப்பெயரை 1813இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் சட்டன் வழங்கினார். இது இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். நேரம், இடம், ஆள் தெரியாத குழப்பம், காய்ச்சல், தாறுமாறான நாடித்துடிப்பு, கட்டுக்கடங்காத பதற்றம் ஆகியவை இதன் கூறுகள். இல்லாத லாரியை ஓட்டுவதும், இல்லாத மூட்டையை நகர்த்துவதுமாகத் தன் தொழிலையே படுக்கையில் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. சிகிச்சை வளராத காலத்தில் சன்னி கண்டவரில் மூவரில் ஒருவர் வரை இறந்தனர். இன்று தக்க சிகிச்சை கிடைத்தால் 100க்கு 5 பேருக்கும் குறைவு. பேய் பிடித்தது என்று வீட்டார் கருதுவதும், அறையில் பூட்டி வைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். முதல் இரண்டு நாள் தாங்கிவிட்டார், இனி பயமில்லை என்ற நம்பிக்கை தவறாகிவிடுவதும் இங்கேதான்.

மருத்துவமனைக்கு வேறு காரணத்துக்காக வந்தவருக்கும் இது நேர்கிறது. விபத்தில் கால் முறிந்து சேர்க்கப்பட்டவர் மூன்றாம் நாள் இரவு ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடுவது, எலும்பு முறிவு வார்டுகளில் பணிபுரிவோர் நன்கறிந்த காட்சி. அவர் குடிப்பவரா, கடைசியாக எப்போது குடித்தார் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். குடும்பத்தார் வெட்கத்தால் இதை மறைப்பதுண்டு.

2020 பொதுமுடக்கம்

லட்சக்கணக்கானோர் ஒரே நாளில் குடியை நிறுத்த நேர்ந்த நிகழ்வு கொரோனா பொதுமுடக்கம். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர், அவர்களில் 5.7 கோடிப் பேர் தீங்கான முறையிலோ அடிமைப்பட்டோ குடிப்பவர்கள். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. மே 7இல் பிற மாவட்டங்களில் திறந்து, மறுநாளே சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் மூடி, உச்ச நீதிமன்றத் தடைக்குப் பின் மே 16இல் மீண்டும் திறந்தன. சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் ஆகஸ்ட் 18 வரை திறக்கப்படவில்லை. கொருக்குப்பேட்டை உள்ளிட்ட வடசென்னை ஏறத்தாழ ஐந்து மாதம் கடையின்றி இருந்தது. அதே வடசென்னையில்தான் அப்போது தொற்றும் கடுமையாக இருந்தது.

விளைவு பல வகையில் வெளிப்பட்டது. பெங்களூரு மருத்துவமனைகளில் கடும் விலகலுடன் வந்தோர் எண்ணிக்கை முடக்கம் தொடங்கிய சில நாட்களிலேயே ஏறத்தாழ இரட்டிப்பானதாக ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஏப்ரல் தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் வார்னிஷ் கலந்து குடித்தும், புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவர லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்தும் தலா மூவர் இறந்தனர். கேரளத்தில் தற்கொலைகள் நிகழ்ந்ததையடுத்து, மருத்துவர் சீட்டுடன் வருவோருக்கு மது வழங்க மாநில அரசு ஆணையிட்டது. மதுவுக்குச் சீட்டு எழுத மருத்துவர் சங்கங்கள் மறுத்தன. ஏப்ரல் 2இல் கேரள உயர் நீதிமன்றம் ஆணைக்குத் தடை விதித்தது. மருத்துவர்களின் நிலைப்பாடு சரியானதே. இந்நோய்க்கு மருந்து உண்டு. அது விலை மலிவானதும்கூட. அதை வீதிவரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான் எந்த மாநிலத்திலும் போதுமானதாக இல்லை.

சிகிச்சை

டயஸிபாம், குளோர்டயஸிபாக்சைடு போன்ற மாத்திரைகள் மது விட்டுச்சென்ற இடத்தைத் தற்காலிகமாக நிரப்புகின்றன. கல்லீரல் பழுதானவருக்கு லோரஸிபாம் தரப்படும். அளவைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவர். இவையும் பழக்கமாகக் கூடியவை, மதுவுடன் சேர்ந்தால் மூச்சையே நிறுத்தக்கூடியவை என்பதால் மருந்துக்கடையில் தானாக வாங்கி உண்ணக் கூடாது.

தயமின் எனும் வைட்டமின் பி1 ஊசி இன்றியமையாதது. நெடுநாள் குடித்தவர்களிடம் இது வற்றியிருக்கும். தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் கொண்ட வெர்னிக்கே நோய் தூண்டப்படலாம். அது முற்றினால் புதிய நினைவுகளே பதியாத கோர்சகாப் நிலை நிரந்தரமாகிவிடும். களைப்புக்கு 'ஒரு பாட்டில் குளுக்கோஸ்' ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இவர்களுக்கு ஆபத்தானது.

சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கப்படும் டைசல்பிரம் மாத்திரை விலகலுக்கு மருந்தன்று. அதை உண்டவர் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு நேரலாம். கோயிலில் கயிறு கட்டியோ மாலை போட்டோ நிறுத்த முடிவெடுப்பவர்களின் உறுதி உண்மையானது, பலருக்கு உதவியும் இருக்கிறது. காலையில் குடித்தாக வேண்டிய நிலையில் உள்ளவர் கயிறு கட்டும் முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயனில்லை, வாயில் எதையும் திணிக்கக் கூடாது.

வடசென்னைக்கு அருகில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையும், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உள்ளன. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை அடையாற்றில் இயங்குகிறது. தொலைபேசி ஆலோசனைக்கு 104, 14416 ஆகிய எண்கள் உள்ளன.

நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு விலகலும் முந்தையதைவிடக் கடுமையாகும் போக்கு உண்டு. முதல் இரண்டு முறை வெறும் நடுக்கத்தோடு தப்பியவருக்கு மூன்றாம் முறை வலிப்பு வரலாம். எனவேதான் மருத்துவர்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதோடு, முன்பு நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்றும் கேட்கின்றனர்.