வீட்டு ஈடும் மீட்பு உரிமையும்

குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தைப் பாங்கியில் ஒப்படைத்துக் கடன் பெறுவது இன்று நம் பட்டணங்களில் சர்வ சாதாரணமாகிவிட்டது. இக்கடன் முற்றிலும் விலக்கத்தக்கதென்று நாம் சொல்ல வரவில்லை. மூன்று வட்டிக்கு வெளியில் 5 லட்சம் வாங்கிய குடும்பஸ்தர் மாதந்தோறும் 15,000 ரூபாயை வட்டிக்கே அழுகிறார். அசலில் ஒரு காசும் குறைவதில்லை. அவரே வீட்டை ஈடு காட்டி, வருஷத்துக்கு நூற்றுக்கு 10 வீதம் பாங்கியில் வாங்கி அதை அடைத்துவிட்டால், மாதம் சுமார் 5,373 ரூபாயில் 15 வருஷத்தில் அசலும் வட்டியும் தீரும். தறி வாங்கவும், ஒழுகும் கூரையைச் செப்பனிடவும் வாங்குவதும் இவ்வாறே பொருந்தும். மகளின் கலியாணப் பந்தலுக்கென்று வாங்குவது வேறு விஷயம். பந்தல் இரண்டு நாளில் பிரிந்துவிடும்; தவணையோ பேரன் பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் நிற்கும்.

ஆனால், கையெழுத்திடுவோரில் எத்தனை பேர் சட்டத்தை அறிவர்? 1882-ல் அந்நிய அரசாங்கம் இயற்றிய சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-வது பிரிவு, ஈடு வைத்தவன் பணத்தைச் செலுத்திச் சொத்தை மீட்கும் உரிமையைப் பத்திரமாகக் காத்தது. கடன் கொடுத்தவன் பெரும்பாலும் கோர்ட்டில் வழக்காடி டிக்ரி பெற்றே வீட்டில் கை வைக்க முடிந்தது. நம்முடைய பார்லிமெண்டு 2002-ல் நிறைவேற்றிய 'சர்பாசி' சட்டம் அந்தக் கோர்ட்டை வழியிலிருந்து அகற்றிவிட்டது. தவணை 90 நாட்களுக்கு மேல் தவறினால் கடன் வராக்கடனாகக் கணக்கிடப்படும். 60 நாள் நோட்டீஸ் கொடுத்துப் பாங்கியே வீட்டைக் கைப்பற்றி ஏலம் கூறலாம். விவசாய நிலத்துக்கு இச்சட்டத்தில் விலக்குண்டு, வீட்டுக்கு இல்லை. மகனின் வியாபாரத்துக்கு ஜாமீன் நின்ற தகப்பனாரும் இச்சட்டத்தின் கண்ணில் கடனாளியே.

அப்பொழுதுங்கூட, ஏலத்துக்குக் குறித்த தேதி வரையில் பாக்கியைச் செலுத்தி வீட்டை மீட்க வழியிருந்தது. 2016-ல் செய்த திருத்தம் அதையும் குறுக்கிற்று. ஏல அறிவிப்பு பிரசுரமாவதற்கு முன்பே பணம் முழுவதும் வந்தாக வேண்டும். இதையே 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதிப்படுத்தியது. பத்திரிகையில் தன் வீடு ஏலம் போவதைக் கண்டு பதறி, உறவினரிடம் கையேந்திப் பணம் திரட்டி ஓடிவருகிறவனுக்குக் கதவு அடைத்துக் கிடக்கிறது!

வழக்குகள் வருஷக்கணக்கில் இழுக்கப்பட்டன என்பதும், ஏலத்தில் எடுப்பவனுக்கு உறுதி வேண்டும் என்பதும் நியாயமே. ஆயினும் பாங்கிக்கு வேண்டியது பணம். அது வட்டியோடும் செலவோடும் வந்த பிறகு வீட்டை விற்பதால் யாருக்கு என்ன லாபம்? குடும்பம் வசிக்கும் வீட்டுக்கேனும் ஏலத்தின் கடைசி நிமிஷம் வரை மீட்பு உரிமையைத் திருப்பித் தரவேண்டும் என்று நம் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் குரலெழுப்ப வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஜனங்கள் இதைக் கேட்கட்டும்.

அதுவரையில், நோட்டீஸ் வந்தால் மேஜையில் போட்டு வைப்பது ஆபத்து. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபணை தெரிவிக்கலாம். பாங்கி வீட்டைக் கைப்பற்ற நடவடிக்கை எடுத்தால், 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். கடனைத் தீர்த்தவர்களும் பத்திரத்தைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். 30 நாட்களுக்குள் அது திரும்பாவிட்டால், பாங்கியின் குற்றத்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்று ரிஸர்வ் பாங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது.