ஏரியில் எரிந்தது எது?

பெங்களூரின் தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம்மவர் பலர் அவற்றைக் கண்டிருப்பர். தொம்மலூரின் மழைநீரும் கழிவுநீரும் கால்வாய் வழியே ஓடிச் சேருமிடம் பெல்லந்தூர் ஏரி. 2018 ஜனவரியில் அந்த ஏரியில் தீப்பற்றியது. அதனை அணைக்க இராணுவ வீரர்களும் வரவேண்டியதாயிற்று. நீர்நிலையில் நெருப்புக்கு இரை ஏது?

ஏரியின் உயிர்களுக்கெல்லாம் படியளப்பவன் சூரியன். வெயிலின் சக்தியால் பாசியும் செடியும் நீரையும் கரியமில வாயுவையும் உணவாக்குகின்றன. பாசியைப் புழுபூச்சிகள் உண்ணும். அவற்றை மீன் உண்ணும். மீனைக் கொக்கு உண்ணும். ஒவ்வொரு படியிலும் சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்கு எட்டும். சக்தி இவ்வாறு குறைந்துகொண்டே செல்வதை, ஓர் ஏரியை ஆராய்ந்து 1942இல் விளக்கினார் அமெரிக்க விஞ்ஞானி ரேமண்ட் லிண்டெமன்.

கழிந்த சக்தி மீள்வதில்லை. ஆனால் உரச்சத்துக்கள் மீளும். மடிந்தவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்க, பாஸ்பரமும் நைட்ரஜனும் சேற்றிலும் நீரிலும் கலந்து, மீண்டும் செடிக்கு உணவாகின்றன. உயிருள்ளவையும் உயிரற்றவையும் நடத்தும் கொடுக்கல் வாங்கல் இது.

இக்கணக்கைக் குலைத்தவர்கள் நாமே. சாக்கடையும் சோப்புத்தூளும் ஏரியில் அளவுக்கு மீறி உரத்தைக் கொட்டின. ஆகாயத் தாமரையும் புல்லும் மண்டின. உண்பாரின்றி மடிந்த செடிகள் நுண்ணுயிர்களின் பங்காயின. அவை நீரிலுள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடின் மீனுக்கு மூச்சில்லை. பிராணவாயு அற்ற சேற்றிலோ, எரியும் இயல்புடைய மீதேன் வாயு உண்டாகிறது. 2018இல் பெரிதும் எரிந்தது ஏரிக்குள் வளர்ந்து காய்ந்த புல்லே. புல்லாயினும் வாயுவாயினும், அதில் அடங்கியிருப்பது உயிர்களுக்குப் பயன்படாது தேங்கிய சூரிய சக்தியே.

ஆகவே, செடிகளை வாரி எறிவது மட்டும் போதாது. உரச்சத்தை நீக்கிச் சுத்திகரித்த பின்னரே கழிவுநீரை ஏரியில் விடுதல் வேண்டும். சலவைத்தூளை அளவோடு பயன்படுத்துவது நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது.

இது கன்னட நாட்டோடு முடியும் காரியமன்று. பெல்லந்தூர் நீர் வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையை அடைந்து, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்குச் செல்கிறது. தொம்மலூரில் நாம் கழிக்கும் நீர், நமக்கு முன்னே தமிழகம் போய்ச் சேருகிறது. அது எத்தகைய நீராகச் சேரவேண்டும் என்பதை நாம் சிந்திப்போமாக.