எண்பது வயதுக்கும் ஒரு லேன்

பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு பதக்கம்கூட வாங்காதவர், ஐம்பத்தைந்து வயதில் உலக நீச்சல் போட்டிக்குப் போக முடியுமா? தாராளமாகப் போகலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், விவரமாகவே சொல்கிறேன்.

இதற்கு மாஸ்டர்ஸ் நீச்சல் என்று பெயர். பழைய சாம்பியன்கள் கூடிக் கலையும் இடம் என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் முதலில் போக்க வேண்டும். ரான்சம் ஆர்தர் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவருக்கு ஒரு யோசனை இருந்தது. வளர்ந்தவர்களை 'உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று சொன்னால் நாலு நாள் செய்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். முன்னால் ஒரு போட்டித் தேதி இருந்தால் தினமும் குளத்துக்கு வருவார்கள். அந்த எண்ணத்தில் 1970 மே மாதம் டெக்சாஸின் அமரில்லோ நகரில் முதல் மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. 1986-ல் டோக்கியோவில் முதல் உலக மாஸ்டர்ஸ் போட்டி. அண்மையில் 2023-ல் ஜப்பானின் கியூஷு, 2024-ல் தோஹா, 2025-ல் சிங்கப்பூர். ஆக, இதன் பிறப்பிலேயே நோக்கம் தெளிவு: வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற, முட்டி வலிக்கிற சாதாரண மனிதர் நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். விதிகளும் அந்த மனிதரை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன.

வயதுப் பிரிவைப் பாருங்கள். 25-லிருந்து தொடங்கி ஐந்தைந்து வருடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 25–29, 30–34 என்று போய் 95–99, 100–104 வரை பட்டியலில் உண்டு. 57 வயதுக்காரர் 55–59 பிரிவினரோடு மட்டும்தான் போட்டியிடுவார். போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31-ம் தேதி உங்களுக்கு எத்தனை வயது இருக்குமோ, அதுதான் கணக்கு. ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் கொரோனஸ் 2018 பிப்ரவரியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 56.12 நொடியில் நீந்தி 100–104 பிரிவில் உலக சாதனை படைத்தார். அன்று அவருக்கு வயது 99. ஏப்ரலில் நூறு நிறையப்போகிறது என்பதால் அந்த ஜனவரி முதலே நூறு வயதுக்காரர்களின் வரிசைக்கு வந்துவிட்டார். மாஸ்டர்ஸ் நீச்சல்காரர்கள் அறுபது எப்போது வரும், அறுபத்தைந்து எப்போது வரும் என்று காத்திருப்பது இதனால்தான். புதுப் பிரிவில் நுழையும் வருடம் அங்கே நீங்கள்தான் இளையவர். வயது கூடுவதை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்க்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

'டைவ் அடிக்கத் தெரியாதே' என்பார்கள். தெரிய வேண்டியதில்லை. ஸ்டார்ட்டிங் பிளாக்கின் மேலிருந்து குதிக்கலாம்; குளத்தின் விளிம்பில் நின்று குதிக்கலாம்; தண்ணீருக்குள்ளேயே சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டும் தொடங்கலாம். மூன்றும் செல்லும். பட்டர்ஃப்ளையில் இரு கால்களையும் சேர்த்து மீன் வால்போல் அடிக்க இடுப்பு ஒத்துழைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒலிம்பிக்கில் பட்டர்ஃப்ளைக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக் அடித்தால் தகுதி இழப்பு. மாஸ்டர்ஸில் கை ஒரு சுற்றுக்கு ஒரு கிக் என்ற கணக்கில் அது அனுமதி. ஃப்ரீஸ்டைல் என்றால் கிரால்தான் நீந்த வேண்டும் என்பதும் இல்லை. எந்தப் பாணியிலும் நீந்தலாம்.

இதற்கு மியெகோ நாகாவோகாவைவிட நல்ல சாட்சி கிடையாது. ஜப்பானைச் சேர்ந்த இந்த அம்மா முட்டி வலிக்காக எண்பது வயதை எட்டிய பிறகே நீச்சல் கற்றுக்கொண்டவர். 2015 ஏப்ரலில், நூறு வயதில், மாட்சுயாமா நகரின் 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை முழுதாக நீந்தி முடித்தார். அறுபது நீளம், ஒன்றேகால் மணி நேரம், முழுக்க முழுக்க மல்லாந்த நிலையில். நூறு வயதில் அந்தத் தூரத்தை முடித்த முதல் மனிதர் அவர்தான். எண்பதை எட்டிய பிறகு தண்ணீரில் இறங்கியவருக்குப் பள்ளிக்கால நீச்சல் பதக்கம் ஏது?

சரி, எப்படிச் சேர்வது? உலக மாஸ்டர்ஸில் யாரும் நாட்டின் பெயரில் நீந்துவதில்லை, கிளப்பின் பெயரில்தான். ஆகவே உங்கள் நாட்டு நீச்சல் சம்மேளனத்தில் பதிவுபெற்ற ஒரு கிளப்பில் நீங்கள் இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர் என்றால் முதலில் மாநில மாஸ்டர்ஸ், பிறகு தேசிய மாஸ்டர்ஸ் என்று நீந்திவிட்டுப் போவது நல்லது. கட்டாயத்துக்காகச் சொல்லவில்லை. விசில் சத்தம், கூட்டம், பக்கத்து லேனில் கிளம்பும் அலை எல்லாம் ஒருமுறை பழகியிருந்தால் வெளிநாட்டில் கை கால் நடுங்காது. உலகப் போட்டியில் ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி நேரம் என்று ஒன்று அறிவிப்பார்கள். அதைப் பார்த்து எந்தப் போட்டி நமக்குச் சரிவரும் என்று முடிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது கொடுக்கும் நேரம் உண்மையானதாக இருக்கட்டும். அதை வைத்துத்தான் ஹீட்களை, அதாவது ஒன்றாக நீந்தும் குழுக்களை, பிரிப்பார்கள். தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி எல்லாம் இங்கே கிடையாது. ஒருமுறை நீந்துவீர்கள், அந்த நேரமே முடிவு. ஒரே வேகக்காரர்கள் ஒரே ஹீட்டில் இருப்பதால் தனியாகப் பின்தங்கி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கரை சேரும் நிலைமை பெரும்பாலும் வராது.

தயாரிப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: உலகப் போட்டி நடக்கும் 50 மீட்டர் குளம். அபார்ட்மென்ட் குளத்திலும் கிளப்பின் 25 மீட்டர் குளத்திலும் பழகியவர்களுக்கு இது புது உலகம். சின்னக் குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைக் காலால் உதைத்து ஓசியில் சில மீட்டர் கிடைக்கும். கைகளுக்கும் அந்த இரண்டு நொடி ஓய்வு. 50 மீட்டர் குளத்தில் அந்தச் சலுகை பாதியாகிவிடுகிறது. அதனால் அதே ஆள், அதே தூரம் என்றாலும் பெரிய குளத்தில் நேரம் கூடும். முப்பத்தைந்து மீட்டருக்கு அப்புறம் தோள் கனக்கும், கை தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கும், சுவர் இன்னும் தூரத்திலேயே இருக்கும். அந்தக் கடைசிப் பதினைந்து மீட்டரைப் பழகத்தான் சென்னை வேளச்சேரியில் இருப்பது போன்ற 50 மீட்டர் குளத்துக்கு வாரம் ஒருமுறையாவது போக வேண்டும். டைவ் பழகுவதும் அங்கேதான், கோச் பக்கத்தில் இருக்கும்போது. ஆழம் குறைந்த அபார்ட்மென்ட் குளத்தில் தயவுசெய்து டைவ் அடிக்காதீர்கள். கழுத்து முறிந்தால் சரிசெய்ய முடியாது. கிளம்புவதற்கு முன் இதய மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடல்நிலைக்கு நானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அந்தக் கையெழுத்தை மனசாட்சியோடு போட வேண்டும்.

போட்டி நாளில் வார்ம்-அப் குளத்தில் கால் முதலில் இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. ஒரே லேனில் ஏகப்பட்ட பேர் நீந்திக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஹீட் வரும்போது நடுவர் குட்டிக் குட்டியாகச் சில விசில் ஊதுவார். மேல் சட்டை, துண்டையெல்லாம் கழற்ற வேண்டிய நேரம். பிறகு நீளமாக ஒரு விசில். அப்போது பிளாக்கில் ஏற வேண்டும், அல்லது தண்ணீரில் இறங்க வேண்டும். அதன்பின் சத்தம் அடங்கும். தொடக்கக் குரலுக்குப் பிறகு ஒலி கேட்கும் வரை அசையக் கூடாது. முடித்ததும் உடனே ஏறிவிட நினைக்காதீர்கள். நேரத்தை மிச்சப்படுத்த, முந்தைய ஹீட்காரர்கள் சுவரோரம் லேன் கயிற்றைப் பிடித்தபடி மிதந்துகொண்டிருக்க, அடுத்த ஹீட் அவர்கள் தலைக்கு மேலாகவே பாய்ந்து போவதும் உண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு, கயிற்றை அணைத்துக்கொண்டு, எட்டுப் பேர் தலைக்கு மேலே பறப்பதை அண்ணாந்து பார்ப்பது தனி அனுபவம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ரிலே. நாலு பேர், ஆளுக்கு 50 மீட்டர். ஆண்கள் அணி, பெண்கள் அணி, இரண்டு ஆண் இரண்டு பெண் சேர்ந்த கலப்பு அணி என்று உண்டு. இங்கே பிரிவை முடிவு செய்வது நாலு பேரின் வயதுக் கூட்டுத்தொகை. 46, 58, 64, 72 என்று நாலு பேர் சேர்ந்தால் 240. அணி 240–279 பிரிவில் நீந்தும். அந்த 72 வயதுக்காரரை உட்காரவைத்துவிட்டு 50 வயதுக்காரரைச் சேர்த்தால் 218. அணி 200–239 பிரிவுக்கு இறங்கி, தன்னைவிட இளைய, வேகமான அணிகளிடம் மாட்டிக்கொள்ளும். மெதுவாக நீந்துகிறார் என்று எந்த அணியும் பெரியவரைக் கழற்றிவிட முடியாதபடி கணக்கிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். நல்ல கிளப்புகள் எழுபது, எண்பது வயதுக்காரர்களைத் தேடிப் பிடிக்கும். அதனால் கிளப்பில் சேரும் அன்றைக்கே, உங்கள் பெயரோடு பிறந்த தேதியையும் ரிலே பட்டியல் போடுகிறவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.