சேற்று வயலில் வாழும் ஒரு கிருமி

இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அவ்வேரியில் நீர் ஏறத் தொடங்கினால் எங்கள் புறநோயாளர் பிரிவிலும் காய்ச்சல்காரர்களின் கூட்டம் ஏறும். அவர்களுள் பெரும்பாலோருக்கு இருப்பது தானே தணியும் வைரஸ் காய்ச்சல். சிலருக்கு டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு. அரிதாகச் சிலருக்கு இவற்றுள் எதுவும் இராது.

அத்தகைய ஒருவர் ஐம்பது வயதைக் கடந்த உழவர். நெடுநாள் சர்க்கரை நோயாளர். ஆறு வாரமாகக் காய்ச்சல், உடல் மெலிந்திருந்தது, மார்பு எக்ஸ்ரேயில் நிழல். சளியில் காசநோய்க் கிருமி காணப்படாத போதும் வேறோரிடத்தில் காசநோய் மாத்திரை தொடங்கியிருந்தனர். ஸ்கேன் எடுத்தபோது மண்ணீரலில் சிறு சீழ்க்கட்டிகள் தென்பட்டன. இரத்தத்தைக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அவருடைய மகன் கேட்டார்: “ஒரு இரத்தச் சோதனைக்கு இத்தனை நாளா, டாக்டர்?”

நியாயமான கேள்வி. ஆய்வகத்தில் நடப்பதைச் சொன்னால் தாமதத்தின் காரணம் விளங்கும்.

இரத்தத்தில் உள்ள கிருமிகள் மிகச் சிலவே. அவற்றை ஊட்டச்சத்து நிறைந்த குப்பியில் இட்டு, உடல் வெப்பத்தில் வைத்துப் பெருகச் செய்ய வேண்டும். பின்னர்க் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றுவர். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை அது. ஊதாச் சாயத்தை ஆல்கஹாலில் கழுவிய பின்னும் விடாமல் வைத்திருப்பவை கிராம் பாசிட்டிவ். ஊதாவை இழந்து அடுத்த சாயத்தின் செந்நிறம் ஏற்பவை கிராம் நெகட்டிவ்.

ஆனால் ‘கிராம் நெகட்டிவ்’ என்பது ஊரின் பெயர்தான். வீட்டு எண் அன்று. சிறுநீர்த் தொற்று உண்டாக்கும் ஈ.கோலை, டைபாய்டின் சால்மொனெல்லா, மருத்துவமனைத் தொற்றுக்குப் பேர்போன சூடோமோனாஸ் எல்லாம் அவ்வூரினவே. அடுத்துப் பால்சர்க்கரை கலந்த தட்டில் வளர்ப்பர். பால்சர்க்கரையைப் புளிக்கச் செய்யும் ஈ.கோலை இளஞ்சிவப்பாக வளரும். சால்மொனெல்லா நிறமின்றி வளரும். பிறகு ஆக்சிடேஸ் சோதனை. அதில் சூடோமோனாஸ் ஊதா நிறம் காட்டும், சால்மொனெல்லா காட்டாது. ஒவ்வொரு படிக்கும் நேரம் வேண்டும்.

நம் உழவரின் கிருமியும் ஊதா காட்டியது. அவசரப்பட்டிருந்தால் ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி முடித்திருக்கலாம். பல இடங்களில் அவ்வாறே தவறுகிறது. ஆனால் ஜென்டாமைசின், கொலிஸ்டின் இரண்டுக்கும் அது அடங்கவில்லை, அமாக்சிசிலின்-கிளாவுலானேட்டுக்கு அடங்கியது. மூன்றாம் நாள் தட்டில் சுருக்கம் விழுந்த திட்டுகள் தோன்றின. பர்க்கோல்டேரியா சூடோமல்லை, நோயின் பெயர் மெலியாய்டோசிஸ்.

புதிய நோய் அன்று இது. 1911இல் இரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பல ஆண்டுகளாக இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதிவருகிறது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இது வருகிறது. 89,000 பேர் இறக்கின்றனர். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இக்கிருமி காலின் வெடிப்பு வழியாகவும், மூச்சு வழியாகவும் புகும். சர்க்கரை நோயாளரையே மிகுதியும் தாக்கும். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்றுவது மிகமிக அரிது. தட்டையும் பாயையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

பெயர் சரியாகத் தெரிந்தால்தான் மருந்து சரியாக அமையும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரு வாரம். கட்டிகள் இருப்பின் இன்னும் நீளும். அதன்பின் கோட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமேனும். இரண்டாம் பகுதியில்தான் எனக்கு அச்சம். காய்ச்சல் நின்று, பசி திரும்பியதும் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. நோய் மீண்டும் தலைதூக்கும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் தாமே நிறுத்தாமல் உடனே எங்களிடம் வாருங்கள். மருந்தை மாற்ற வழியுண்டு.

காய்ச்சலோடு வரும்போது சர்க்கரை நோய் உண்டென்பதையும், வயலில் இறங்கியதையும் நாங்கள் கேட்கும் முன்னரே சொல்லுங்கள். மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் விழுங்கிவிட்டு வந்தால் குப்பியில் கிருமி வளராமலே போகக்கூடும். விழுங்கியிருந்தால் அதையும் மறைக்க வேண்டா.

அந்த உழவர் மாத்திரைகளை முழுமையாக முடித்தார். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கலாகாது, ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும் என்று கூறியிருந்தேன். மகன் வாங்கிக் கொடுத்துவிட்டார். “நடவு வயலில் அதைப் போட்டால் காலைப் பிடுங்கவே முடியவில்லை” என்பது தந்தையின் குறை. அவர் சொல்வதும் உண்மைதான். வரப்பு வேலைக்கேனும் அணியுமாறு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.