ஏகபோகமும் சட்டமும்

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் மின்விளக்கு இல்லை. மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அமர்ந்துதான் பாடங்களைப் படிப்பேன். அந்த எண்ணெயை விற்ற கடை ஊரில் ஒன்றே ஒன்று. கடைக்காரர் சொன்னதே விலை. அவர் அளந்ததே அளவு. 'வேறு கடையில் வாங்கலாமே' என்று ஒருநாள் நான் கேட்டேன். 'வேறு கடை எங்கே இருக்கிறது?' என்று திருப்பிக் கேட்டார் என் தந்தையார். பின்னர்க் கல்லூரியில் பொருளாதாரம் பயின்றபோது, ஏகபோகம் என்ற சொல்லுக்கு நூல்கள் தந்த இலக்கணத்தைக் காட்டிலும் அந்தக் கேள்வியே எனக்குத் தெளிவான விளக்கமாக இருந்தது.

இதே மண்ணெண்ணெயைப் பற்றிய வழக்கு ஒன்று அமெரிக்க அரசாங்கத்தின் வலிமையையே சோதித்தது. அந்த வரலாற்றை மாணவர்களாகிய நீங்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

ஜான் ராக்ஃபெல்லர் 1870-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை நிறுவினார். அவர் சிக்கனத்திலும் நிர்வாகத்திலும் வல்லவர். ஆயினும் அவருடைய கம்பெனியின் வளர்ச்சிக்குத் திறமை மட்டுமே காரணமன்று. தம் சரக்கு மிகுதி என்பதைக் காட்டி, ரயில்வே கம்பெனிகளிடம் இரகசியமாகக் கட்டணத் தள்ளுபடி பெற்றார். ஒரே பாதையில் ஒரே தொலைவுக்குச் செல்லும் ஒரே சரக்குக்கு அவர் குறைவாகவும், போட்டியாளர் மிகுதியாகவும் கூலி கொடுத்தனர். இந்நிலையில் சிறிய ஆலைக்காரர் எவ்வளவு உழைத்தாலும் நிலைத்து நிற்க இயலுமோ? கிளீவ்லாந்து நகரில் இருந்த 26 போட்டி ஆலைகளில் 22 ஆலைகள் 1872-இல் சில மாதங்களுக்குள் அவர் கைக்கு வந்துவிட்டன. அடுத்த பத்தாண்டுக்குள் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவருடைய ஆதிக்கத்தில் இருந்தது.

மண்ணெண்ணெயின் விலை அக்காலத்தில் குறைந்துதானே வந்தது, அப்படியிருக்கத் தீங்கு எங்கே என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. விலை குறைந்தது உண்மை. ஆனால் புதியவர் எவரும் தொழிலுக்குள் நுழைய முடியாதபடி கதவு சாத்தப்பட்டுவிட்டால், நாளைய விலையும் நாளைய தரமும் ஒருவரின் விருப்பத்தைப் பொறுத்தவை ஆகிவிடுகின்றன. பெரிய கம்பெனியாக இருப்பது குற்றமன்று. பிறருக்கு வழியை அடைப்பதே குற்றம். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும்.

மக்களின் முறையீடு வலுக்கவே, 1890-ஆம் ஆண்டில் ஷெர்மன் சட்டம் இயற்றப்பட்டது. வாணிகத்தைத் தடைசெய்யும் கூட்டுகள் சட்டவிரோதமானவை என்று அது கூறிற்று. ஆனால் தடை என்பது யாது, கூட்டு என்பது யாது என்று அது விளக்கவில்லை. விளைவு விசித்திரமானது. நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பை ஏறத்தாழ முழுவதும் கைக்கொண்டிருந்த கம்பெனிமீது தொடுக்கப்பட்ட வழக்கில், உற்பத்தி வேறு, வாணிகம் வேறு என்று கூறி 1895-இல் உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. அதற்கு முந்திய ஆண்டிலோ, வேலைநிறுத்தம் செய்த ரயில்வேத் தொழிலாளருக்கு எதிராக அதே சட்டத்தைக் கீழ் நீதிமன்றம் பயன்படுத்தியிருந்தது! வேலி வயலைக் காக்காமல் பயிரையே மேய்ந்தது.

நிலைமை மாறத் தொடங்கியது தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியான பின்னரே. வடமேற்குப் பகுதியின் ரயில்வேக்களை ஒன்றாகப் பிணைத்திருந்த நார்தர்ன் செக்யூரிடீஸ் கம்பெனியைக் கலைக்க அவர் அரசு வழக்குத் தொடுத்தது. 1904-இல் ஒரேயொரு நீதிபதியின் பெரும்பான்மையால் வென்றது. கம்பெனிகளின் நடவடிக்கைகளை ஆராய 1903-இல் ஓர் அரசாங்க அலுவலகமும் ஏற்பட்டது. இதே ஆண்டுகளில் ஐடா டார்பெல் என்னும் பெண் எழுத்தாளர், ஸ்டாண்டர்டு ஆயிலின் வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்து, 1902 முதல் பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். எண்ணெய் வயல்களுக்கிடையே வளர்ந்தவர் அவர். சிறு தொழிலோர் நசித்ததை நேரில் கண்டவர். இரகசியம் அம்பலமாயிற்று. 1906-இல் அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1911-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. கம்பெனி 34 தனிக் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது.

வெற்றி முழுமையானதா? பிரிந்த கம்பெனிகளின் பங்கு விலை ஏறவே, ராக்ஃபெல்லர் முன்னிலும் பெருஞ்செல்வரானார். மேலும், நியாயமற்ற தடையே குற்றம் என்று நீதிமன்றம் வரையறுத்தது. எது நியாயம் என்ற கேள்வி அப்படியே எஞ்சி நின்றது. ஆகவே 1914-இல் உட்ரோ வில்சன் காலத்தில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, தவறான முறைகளைப் பெயர் சுட்டிக் கூறியது. தொழிற்சங்கங்களை வாணிகக் கூட்டுகளாகக் கருதலாகாது என்றும் கூறியது. மற்றொன்று, ஓயாது கண்காணிக்கும் கூட்டாட்சி வாணிக ஆணைக்குழுவை அமைத்தது.

அந்த 34 கம்பெனிகளுள் இரண்டின் வழிவந்தவையே எக்ஸானும் மொபிலும். அவை 1999-இல் மீண்டும் ஒன்றாக இணைந்தன. ஆணைக்குழு அப்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்ரோல் நிலையங்களை விற்றுவிடுமாறு நிபந்தனை விதித்த பின்னரே இணைப்புக்கு இசைந்தது. பிரித்தது மறுபடியும் கூடிற்று. கூடியபோது கேட்பதற்கு ஒருவர் இருந்தார்.

சீர்திருத்தம் ஒருநாளில் முடியும் திருவிழாவன்று என்பதை இதிலிருந்து நான் உணர்கிறேன். சட்டம் வேண்டும், அதைச் செயற்படுத்தும் துணிவு வேண்டும், உண்மையைத் தேடி எடுத்து மக்கள்முன் வைக்கும் உழைப்பும் வேண்டும். இவற்றுள் மூன்றாவது, படித்தவர்களின் கடமை. வேறு கடை எங்கே என்று என் தந்தையார் சிரித்துக் கேட்டார். வேறு கடை ஏன் இல்லை என்று கேட்டு, விடையைத் தேடிச் செல்லவேண்டியவர்கள் நீங்கள்.